ஜவ்பர் நடித்த நாற்பது விநாடி

"உலகத்தில் உண்மையான நடிகர்கள் மூன்றே பேர். இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். மூன்றாமவர் திருகோணமலைத் துறைமுகத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருக்கிறார். பெயர் ஜவ்பர். அவர் ஒரு புருவத்தை உயர்த்தினால் கப்பல்கள் திசை மாறும். பாரிஸில் அவருக்கென்று பரிசைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்."

முகநூலில் இப்படி எழுதியவர் பாரிஸ் பேராசிரியர் பியேர். பேராசிரியருக்கு வயது பதினேழு. ஓ.எல். பரீட்சையில் கணக்குப் பாடத்தை இரண்டு தரம் கோட்டை விட்டவர். கிண்ணியாவில், அடுப்பு எரியும் குசினிக்குப் பின்னால் வாழைமரத்தடியில் குந்தியிருந்து எழுதுபவர். உண்மைப் பெயர் சுஹைரா.

ஜவ்பர் அவளுடைய தாய்மாமன். படகுகளுக்கு ஐஸ் உடைத்து ஏற்றுவது அவருக்கு இருபது வருடத் தொழில். சல்லிக் கிராமத்தைச் சேர்ந்த நிஷாந்தினி, கூட்டாளிகளோடு துறைமுகத்தில் ஒரு குறும்படம் எடுக்க வந்திருந்தாள். கொழும்பிலிருந்து வரவேண்டிய நடிகர் வரவில்லை. பக்கத்தில் நின்ற ஜவ்பரைப் பிடித்துப் போட்டாள். கடலில் காணாமல்போன மகன் உயிரோடு இருக்கிறான் என்று போனில் செய்தி வரும். தகப்பன் அதைக் கேட்க வேண்டும். வேடம் அவ்வளவுதான்.

மாமாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன சுஹைரா தூரத்தில் நின்று பார்த்தாள். அவர் போனைக் காதில் வைத்தார். "ஓம். ஓம். சரி" என்றார். முதுகைக் காட்டித் திரும்பிவிட்டார்.

"ஜவ்பர் நானா, கொஞ்சம் அழுங்கோவன்!" என்று நிஷாந்தினி கத்தினாள்.

"நல்ல செய்திதானே தங்கச்சி, ஏன் அழுற?"

ஏழு தரம் எடுத்தும் அதே ஓம், அதே சரி.

சுஹைராவுக்குச் சிரிப்போடு பழைய கோபமும் வந்தது. போன வருடம் உம்மாவுக்கு வயிற்றில் ஒப்பரேஷன். டொக்டர் வெளியே வந்து பயமில்லை என்றபோது சுஹைரா கத்தி அழுது, முன்பின் தெரியாத தாதியைக் கட்டிப்பிடித்தாள். மாமா "ஓம், சரி" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். கூடப்பிறந்த தங்கச்சிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை! மனிசனா, கல்லா?

அந்தக் கல்லைப் பகிடி பண்ணத்தான் பேராசிரியர் பியேரை அவள் உண்டாக்கினாள். மாமாவிடம் இருப்பது பொத்தான் போன். அதனால் பேராசிரியரின் புகழுரையை சுஹைராவே முகத்தைச் சுளிக்காமல் வாசித்துக் காட்டினாள்.

"நான் புருவத்தைத் தூக்கினாக் கப்பல் திசை மாறுமா?"

"பாரிஸ்காரன் சொல்றான் மாமா."

"அப்ப இனிப் பார்த்துத்தான் தூக்கணும்."

கதை ஊரெல்லாம் பரவியது. படம் காட்டுகிற நாளில் பள்ளிக்கூட மண்டபத்தில் கதிரை போதவில்லை. பக்கத்து வீட்டு அப்ராஸும் அவனுடைய விசில் கூட்டமும் நடு வரிசையில் இருந்தார்கள். ஏற்பாடு சுஹைராவுடையது: அவள் முந்தானையால் வாயைப் பொத்தி இருமினால் அவர்கள் எல்லோரும் எழும்பி, "பாரிஸ் நடிகன்!" என்று கூவ வேண்டும். கலியாண வீட்டிலேயே கடைசிப் பந்தியில் சாப்பிடுகிற ஆள் மாமா. இந்தக் கூட்டம் ஒருமுறை சிரித்துவிட்டால் துறைமுகத்தில் அவர் தலைநிமிர்ந்து நடக்க ஏலாது. அது சுஹைராவுக்கு நன்றாகத் தெரியும். கதவோரம் மாமா இருந்தார். சட்டையை இரண்டு தரம் அயர்ன் பண்ணிக் கொடுத்த நஸ்ரியா மாமி பக்கத்தில் இருந்தா.

விளக்கை அணைத்தார்கள். திரையில் மாமா. "ஓம். ஓம். சரி." திரும்பினார்.

ஆனால் இன்னொரு கமரா அவர் திரும்பிய பக்கம் நின்றது.

சுவரளவு பெரிய முகம். அதில் ஒன்றும் நடக்கவில்லை. தாடை மட்டும் ஒருமுறை இறுகித் தளர்ந்தது. போனைப் போட்டுவிட்டதாக நினைத்து வெறும் சட்டைப் பையின் பொத்தானைப் பூட்டினார். போன் இன்னும் இடக்கையிலேயே இருந்தது, அது அவருக்குத் தெரியவில்லை. பிறகு ஐஸ் கட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவேயில்லை. குளிர் ஏறி விரல்கள் சிவக்கச் சிவக்க நாற்பது விநாடி அப்படியே நின்றார்.

மண்டபத்தில் கைக்குழந்தைகூடச் சத்தம் போடவில்லை. அழவேண்டியதை எல்லாம் மனிதர் பார்க்கிறவர்களிடம் விட்டுவிட்டார். ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கமரா நிற்கவில்லை. அன்று சுஹைரா கண்டது முதுகை மட்டும்தான்.

"எப்ப இருமப்போற?" அப்ராஸ் கிசுகிசுத்தான்.

"வாயப் பொத்துடா."

"நீதானே சொன்ன..."

"விசிலடிச்சியோ, பல்லு இருக்காது."

இருமல் வரவில்லை. மூக்குத்தான் ஒழுகியது. விளக்குப் போட்டதும் கைதட்டல் கூரையைத் தூக்கியது. நஸ்ரியா மாமி பக்கத்திலிருந்த பெண்ணிடம், "வீட்டிலயும் இவர் இப்படித்தான், நான்தான் பார்த்துப் பார்த்துப் பழகிட்டன்" என்று கண்ணைத் துடைத்தா. மாமா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

விடிந்ததும் பேராசிரியர் பியேர் மறுபடி எழுதினார். இந்த முறை பகிடி இல்லை. பின்னேரம் வீட்டுக்கு வந்த மாமா கதிரையை இழுத்துப் போட்டு, "பாரிஸ்காரர் இண்டைக்கும் எழுதினவராமே? வாசி மகள்" என்றார்.

சுஹைரா வாசித்தாள். "நடிப்பென்றால் கத்துவது என்று நினைத்திருந்தேன். அவரைக் கல் என்றும் நினைத்தேன். பிழை என்னுடையது. அந்த நாற்பது விநாடிக்கு நன்றி. அன்று ஆஸ்பத்திரி வாசல் கடையில், தான் ஒன்றும் சாப்பிடாமல், எனக்கு வாங்கித் தந்த இரண்டு பராட்டாவுக்கும்..."

மாமா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பாரிஸ்காரருக்கு நான் எப்ப மகள் பராட்டா வாங்கிக் குடுத்தனான்?"

சுஹைரா வாசிப்பதை நிறுத்தினாள். காது இரண்டும் சுட்டன.

"நிப்பாட்டாத. பேராசிரியர் இன்னும் என்ன சொல்றார் எண்டு பார்ப்பம்."