வெண்குள்ளனும் கடைசி பஸ்ஸும்

வீட்டில் அவளுக்குக் குள்ளி என்றுதான் பெயர். வைத்தவர் அப்பா. வளர்ந்து படித்து அவள் வெண்குள்ளன் நட்சத்திரங்களைக் கண்டுபிடிக்கிற வேலைக்குப் போனதும், "குள்ளி குள்ளனைத் தேடிப் போயிருக்கா" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தவரும் அவர்தான்.

கேட்கத்தான் எளிய வேலை. வானத்தை மொத்தமாகப் படம் பிடிக்கிற குழு ஒன்று, இவையெல்லாம் வெண்குள்ளனாக இருக்கலாம் என்று ஆயிரக்கணக்கில் தள்ளிவிடும். மின்னுவதெல்லாம் பொன்னல்லவே. ஒவ்வொன்றின் ஒளியையும் நிறமாலையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். சாதாரண நட்சத்திரமென்றால் அதில் ஹைட்ரஜன் கோடுகள் மெலிந்திருக்கும். வெண்குள்ளனோ தன் கனத்தாலேயே நசுங்கிக் கிடப்பது. அதன் கோடுகள் அகன்று தடித்திருக்கும். அதைப் பார்க்கப் பெரிய தொலைநோக்கி வேண்டும். கெஞ்சிக் கூத்தாடினால் வருஷத்துக்கு இரண்டு ராத்திரி கொடுப்பார்கள். மேகம் வந்தால் அதுவும் போச்சு.

அந்த வருஷம் முதல் ராத்திரி மேகத்தோடு போயிற்று. மறுநாள் மாலை அக்கா போன் செய்தாள். ஆஸ்பத்திரியில் அப்பா இழுத்துக்கொண்டு கிடக்கிறார், டாக்டர் எல்லாரையும் வரச் சொல்லிவிட்டார். தொலைநோக்கி இருக்கிற மலையிலிருந்து கடைசி பஸ் இன்னும் கிளம்பவில்லை.

தொலைநோக்கியை இயக்குகிறவர், "நீங்க கிளம்புங்கம்மா, நான் எடுத்து வைக்கறேன்" என்றார். அனுபவஸ்தர்தான். ஆனால் மங்கலான நட்சத்திரத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பதைப் பிடித்துவிடுவாரோ என்று இவளுக்குப் பயம். தான் தொட்டால்தான் எதுவும் உருப்படும் என்கிற வியாதி அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. வானம் வேறு தெளிந்துகொண்டு வந்தது. காலை முதல் பஸ்ஸில் வருகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டாள்.

அன்றைக்குப் போல வானம் அவளுக்கு என்றுமே வாய்த்ததில்லை. திரையில் தடித்த கோடுகள் ஒவ்வொன்றாக வந்தபோது அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். தன்னிடம் அவளால் மன்னிக்க முடியாதது அந்தச் சந்தோஷத்தைத்தான்.

அப்பா விடியுமுன் போய்விட்டார். பாதி வழியில், பஸ்ஸில், செய்தி வந்தது.

எல்லாம் முடிந்த பிறகு அக்கா அப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். சண்டைக்கு வரவில்லை, வந்திருந்தால் தேவலை. அப்படி என்னதான் நட்சத்திரம் அது என்று மட்டும் கேட்டாள்.

"எரிஞ்சு முடிஞ்சதுக்கா. செத்த நட்சத்திரம்னு வச்சுக்கோ. இன்னும் கோடிக்கணக்கான வருஷத்துக்கு அப்படியே ஆறிக்கிட்டுக் கிடக்கும்."

அக்கா கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள்.

"அப்ப அது எங்கேயும் போயிருக்காதேடி."