பேர் சொல்லாத சாட்சி

பேசாமல் இருந்தது போதும். ஞானராஜ் மாமா உயிரோடு இருந்தவரை என் அக்காவின் முகத்துக்காகப் பொறுத்துக்கொண்டேன். அவர் போன பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தால், அவர் சொன்னதெல்லாம் நடந்ததாகவே ஆகிவிடும்.

செய்தி சபையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அம்பத்தூரில் நான் தனியாகக் குடியிருக்கும் தரைத்தள வீட்டில், ஒரு கையால் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு பல் துலக்கிக்கொண்டிருந்தேன். கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று போட்டு, கீழே வெள்ளைச் சட்டையில் அவருடைய படம். படத்திலும் கையில் மைக் இருந்தது. அதற்குக் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். யாரோ ஒருவர், ‘ஒரு திமிர்வாதக்காரனை எழுந்து நடக்க வைத்த விசுவாச வீரர்’ என்று எழுதியிருந்தார். அந்தத் திமிர்வாதக்காரன் நான்தான்.

மதியம் போதகர் கூப்பிட்டார். “பிரதர், ஞாயித்துக்கெழம நினைவுக் கூட்டம் வச்சிருக்கோம். நீங்க ஒண்ணும் பேச வேணாம். முன்னாடி வந்து எந்திரிச்சு நின்னா போதும். அதுவே பெரிய சாட்சி.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஞானராஜ் மாமா என் அக்கா எஸ்தரின் கணவர். பட்டாபிராமில் பிறந்து, ஆவடியில் படைத்தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் தகரக் கூரை போட்ட நம் சபையில் மூப்பர். நான் கல்லூரியில் பாடம் நடத்தியவன், சபைக்கு வருவதை எப்போதோ நிறுத்தியவன். எங்களுக்குள் பேச்சு கிறிஸ்துமஸ் கேக்கோடு முடிந்துவிடும். முகப்பேரில் நானும் மனைவியும் இருந்த அடுக்குமாடியில், தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க நான் ஏறிய இரும்பு ஏணி கழன்று விழும்வரை அப்படித்தான் இருந்தது.

முதுகெலும்பில் அறுவை முடிந்து வார்டில் கிடந்தேன். இடுப்புக்குக் கீழே என்னுடையது என்று ஒன்றும் இல்லை. மாமா வந்து நின்று முதலில் சொன்ன வார்த்தை இது: “இன்னா மச்சான், அந்த ஆள நாலு பேரு கூரையப் பிரிச்சு எறக்குனாங்கோ. நீ இன்னாடான்னா தனியாவே எறங்கிகினு வந்துட்ட?”

பக்கத்துக் கட்டிலில் யாரோ சிரித்தார்கள். கழுத்தைத் திருப்ப முடியாததால் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கட்டிலோடு இயேசுவின் முன்னால் இறக்கப்பட்ட அந்தத் திமிர்வாதக்காரனின் கதையை நீங்கள் எல்லாரும் ஞாயிறு பள்ளியில் கேட்டவர்கள். கை கால் விளங்காதவனுக்குப் பழைய மொழிபெயர்ப்பில் அதுதான் பெயர். மொழிபெயர்த்த மகான் யாரோ, அந்தச் சொல்லின் தலையில் திமிரை வைத்துவிட்டுப் போனார். மாமாவுக்கு அது போதுமானதாக இருந்தது. அன்றிலிருந்து எனக்கு அம்மா அப்பா வைத்த பெயர் போயிற்று. “இன்னா திமிர்வாதக்காரரே, திமிரு எறங்கிச்சா, வாதம் மட்டுந்தான் பாக்கி கீதா?” என்று கேட்டபடிதான் அறைக்குள் வருவார்.

என் மனைவி ஐ.டி. கம்பெனிக்குப் போகிறவள். வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. அதனால் என்னை நெமிலிச்சேரியில் அக்கா வீட்டு ஹாலில் கொண்டுவந்து போட்டார்கள். கூப்பிட்டது அக்கா. ஆனால், “ஊட்டுக்குத் தூக்கிகினு வந்துட்டேன்” என்று ஊருக்குச் சொன்னது மாமா.

அவருக்குக் கொடுக்க வேண்டியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். தினமும் காலையில் என்னைக் குளிப்பாட்டினார். சிறுநீர்ப் பையை மாற்றினார். பெட்பேன் வைத்தார், எடுத்தார், கழுவினார். அக்குளுக்கடியில் கை கொடுத்துக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது ஒரு முறைகூட என்னை நழுவ விட்டதில்லை. எனக்குப் படுக்கைப் புண் வரவில்லை. என் முதுகில் புண் இல்லாதது அவரால். மற்ற இடங்களில் இருப்பதும் அவரால்.

காலையில் என்னைத் துவைத்தார். ஞாயிற்றுக்கிழமை கொடியில் காயப்போட்டார். என்னையும் நாற்காலியோடு சபைக்குத் தள்ளிக்கொண்டு போவார்; சாட்சி நேரம் வந்ததும் மைக்கை எடுத்து இரண்டு தட்டு தட்டுவார். “பேரு சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும்” என்று தொடங்குவார். உடனே சபை மொத்தமும் திரும்பி, மின்விசிறிக்குக் கீழே சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்க்கும். அதன் பிறகு அந்த வாரத்துச் செய்திகள்: பை கசிந்தது, படுக்கை நனைந்தது, படித்த மனுஷன் குழந்தை மாதிரி அழுதது. எல்லாவற்றையும் கர்த்தரும் அவரும் சேர்ந்து சமாளித்தார்கள். அந்த இருவரில் முதலில் வருவது யார் என்பது வாரத்துக்கு வாரம் மாறும். அக்காவின் பெயர் எந்த வாரமும் வந்ததில்லை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் என் மனைவி நெமிலிச்சேரிக்கு வருவாள். மறுநாள் எங்களோடு சபைக்கும் வருவாள். கழுவித் துடைக்கிற வேலைக்கு அவளால் வர முடியவில்லை. குமட்டும். அது எனக்கும் தெரியும், அவளும் மறைக்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து அலுவலகக் கதை சொல்வாள், நகம் வெட்டிவிடுவாள். வாரம் முழுவதும் அதற்காகத்தான் காத்திருப்பேன். ஒரு ஞாயிறு, பெண்கள் வரிசையில் அவள் உட்கார்ந்திருக்கும்போதே மாமா மைக்கைத் தட்டினார்.

“பேரு சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். கட்டுன பொண்டாட்டி மூக்கப் பொத்திகினு வெளிய போனா. நான் பொத்தல. ஸ்தோத்திரம் சொல்லுங்கோ!”

சபை ஸ்தோத்திரம் சொன்னது. இதைப் படிக்கிற நீங்களும் சொன்னீர்கள். அவள் முக்காட்டை எடுத்துக் கைப்பையில் வைத்தாள். எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போனாள். பின்னால் ஓட எனக்குக் கால் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

“என்ன மாமா இப்படிப் பண்ணிட்டீங்க?”

“இன்னா பண்ட்டேன்?”

“அவள ஏன் இழுத்தீங்க?”

“நான் பேரு சொன்னனா? எங்க, நீயே சொல்லு மச்சான். பேரு சொன்னனா?”

அவர் முகத்தில் களங்கமே இல்லை. பெயர் சொல்லாத வரைக்கும் எதுவும் புறங்கூறுதல் ஆகாது என்று மனதார நம்பினார். அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை. போனில் ஒன்றே ஒன்று கேட்டாள்: “அவர் சொல்லும்போது நீங்க ஏன் பேசாம உக்காந்திருந்தீங்க?” மறுநாள் காலை என்னைக் கழுவ வேறு ஆள் இல்லை என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. அவள் இப்போதும் முகப்பேரில்தான் இருக்கிறாள்.

நான் எப்படி நடந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிசியோதெரபிக்காரர் சொல்லிக்கொடுத்ததை மாமா இரண்டு நாளில் மறந்தார். அக்காதான் மறக்காமல் காலை மடக்கினாள், நீட்டினாள். அவளுடைய ஜெபம் மைக் இல்லாதது. “ஏசப்பா, இவன் முட்டி மடங்காம நிக்கணும்” என்பாள், அவ்வளவுதான். எனக்குக் கர்த்தரோடு சண்டை இல்லை. என்னைப் பற்றி அவர் எங்கேயும் போய்ப் பேசவில்லை.

ஒரு ஞாயிறு எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி நாங்கள் இருவரும் வீட்டிலேயே இருந்தோம். மாமா சபையில் இருந்தார். வாக்கரைப் பிடித்து ஹாலிலிருந்து சமையலறை வாசல்வரை நடந்தேன். அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, “அவர்ட்ட சொல்லலாமாடா?” என்றாள்.

“சொன்னா அடுத்த வாரம் மைக்குல வந்துடும்க்கா.”

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு வாக்கரை எடுத்துக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள். என்னால் முடிந்தவரை நாள் கடத்தினேன். மாமா தினமும் என்னைத் தூக்கினார். நானும் தூக்கக் கொடுத்துக்கொண்டு கிடந்தேன். தெரிந்த அன்று அவர் அழவில்லை, கோபித்தார். “எனுக்குத் தெரியாம எப்டிடா நடந்த?” என்றார். அடுத்த ஞாயிறே, என்னிடம் கேட்காமல், மேடைக்கு நடந்து வரச் சொல்லி மைக்கில் கூப்பிட்டார். நான் நாற்காலியை விட்டு அசையவில்லை. “பாருங்கோ, கர்த்தர் வாதத்த எடுத்துட்டார். திமிரு மட்டும் அப்டியே கீது” என்றார். கூரை அதிரச் சிரித்தீர்கள்.

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. அதற்குள் அம்பத்தூருக்குத் தனியாக வந்துவிட்டிருந்த நான் கைத்தடியோடு பார்க்கப் போனேன். அதே ஹால், அதே கட்டில். அக்கா அவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தோளைப் பிடித்துக்கொள் என்றாள். பிடித்தேன். நான் மூக்கைப் பொத்தவில்லை. பொத்தவில்லை என்பதை அவர் பார்க்கும்படி முகத்துக்கு நேராகக் குனிந்தேன். வழியெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு போனதையும் கேட்டேன்: “இன்னா திமிர்வாதக்காரரே, எப்டி கீறீங்க?”

வாய் ஒரு பக்கமாகக் கோணியது. “பாருடா, சிரிக்கிறாரு” என்றாள் அக்கா. எனக்கு அது சிரிப்பாகத் தெரியவில்லை. நான் திருத்தவும் இல்லை.

நேற்று அக்கா போன் செய்தாள். “ஒரே ஒரு தடவ அவருக்காக எந்திரிச்சு நில்லேன்டா.”

“நின்னா, நிக்க வச்சது யாருன்னு சொல்லணும்க்கா.”

“யாரு?”

“நீதான்.”

“என்னையெல்லாம் எவன்டா சாட்சி கேட்டான்?” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நான் வர மாட்டேன். அவருக்காக நிற்கவும் மாட்டேன். என் சாட்சி இதுதான்: என்னை நிற்க வைத்தது எஸ்தர். என் மனைவியை எழுந்து போக வைத்தது ஞானராஜ். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பவை இரண்டு. ஒன்று, இடுப்பில் பலமில்லாத ஒருவரை நழுவ விடாமல் தூக்கும் விதம். யாரையாவது தூக்க வேண்டி வந்தால் அவரைப் போலத்தான் தூக்குவேன். இன்னொன்று அவருடைய வாசகம்.

நம் சபைக்காரர்களின் முகநூல் குழுவில் பெயர் தெரியாமல் பதிவிட ஒரு வசதி இருக்கிறது. இதை அதில்தான் போடப்போகிறேன். முந்தைய பத்திகளைப் படித்த யாருக்கும் எழுதிய ஆள் யார் என்பதில் சந்தேகம் இருக்காது. இருந்தாலும் மாமாவின் நியாயப்படி அது குற்றமில்லை.

பேரு சொல்ல மாட்டேன். உங்களுக்கே தெரியும்.