விசாவுக்கு எழுதிய காதல்

படத்தை மட்டும் பார்த்துத்தான் பாசையூர் றெஜினா, சிட்னி பிளாக்டவுனில் இருந்த யூஜினைக் கட்டச் சம்மதித்தாள். உறவு உண்மையானது என்று காட்ட இருவரும் எழுதிய கடிதங்கள் வேண்டும் என்றார் விசா முகவர். யூஜினின் முதல் கடிதத்தில் "இயேசுவுக்குப் புகழ்" என்பதற்குப் பிறகு சிட்னி வெயில் மட்டுமே இருந்தது. அன்பு போதாது என்று முகவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதன்பின் வந்த இருபத்தாறு கடிதங்களையும் விசா அதிகாரிகள் நம்பினார்கள். றெஜினாவும் நம்பினாள். விசா கிடைத்தது, கடிதம் நின்றது.

றெஜினா சிட்னிக்கு வந்து நாலு வருடம் கழித்து, முன்பின் காணாதவனைக் கடிதத்தை நம்பிக் கட்டப்போகும் பெண்ணின் கதையொன்றைத் தேவாலய நூலகத்திலிருந்து எடுத்து வந்து படித்து முடித்தாள்.

"இஞ்சேருங்கோ, எனக்கொரு கடிதம் எழுதுங்கோவன்."

யூஜின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான்.

"ஏனப்பா, சிட்டிசன்ஷிப்புக்கும் கேக்கினமோ?"