முள் வெட்டிய ஒரா

எங்கள் கரைத்தீவுப் பக்கத்தில் ஒரா மீனை யாரும் முள்ளோடு வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. அதன் முள்ளில் விஷம் இருக்கிறது. குத்தினால் கை வீங்கி, நாள் முழுக்க உயிர் போகிற வலி. அதனால் வலையிலிருந்து எடுத்த கையோடு கத்தரிக்கோலால் வெட்டி எறிந்துவிடுவார்கள். இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்தும் மீன்பிடிக்கிற என் வாப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்காமல் விட்டேன். அந்த மடத்தனத்துக்கு என்னைத்தான் உதைக்க வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் விலங்கியல் செய்முறைப் பரீட்சை. ஆளுக்கொரு பவளப்பாறை மீனைக் கொண்டுவந்து, அது எந்தக் குடும்பம் என்று அதன் உடம்பிலேயே காட்டி நிரூபிக்க வேண்டும். முதல் தடவை நான் தவறியிருந்தேன். இது கடைசி வாய்ப்பு. இதிலும் கோட்டைவிட்டால் படிப்பை மூட்டைகட்ட வேண்டியதுதான்.

ஒராவைத் தேர்ந்ததில் என் கெட்டித்தனம் இருந்தது. குஞ்சாக இருக்கும்போது புத்தளம் களப்பின் கடற்புல்லில் மேய்ந்து, வளர்ந்ததும் வெளிக்கடல் பாறைக்குப் போய்ப் பாசி தின்னும் மீன் அது. அதன் முள் கணக்கு வேறு மீனுக்கு வராது. முதுகில் பதின்மூன்று, அடியில் வாலுக்கு முன்னால் ஏழு. எண்ணிக் காட்டினால் வேலை முடிந்தது என்றுதான் நிம்மதியாகப் பஸ் ஏறினேன்.

பரீட்சை தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது வாப்பா மீனைப் பிடித்து ஐஸ் போட்டு மூடித் தந்த றெஜிபோம் பெட்டியைத் திறந்தேன். ஐஸின் மேல் மொட்டையாக ஒரு ஒரா கிடந்தது. வெளியே ஓடிப்போய் வாப்பாவுக்குப் போன் எடுத்தேன்.

“வாப்பா, முள்ளெல்லாம் எங்க?”

“வெட்டிட்டன் மகள். கையில குத்தினா எப்பிடிப் பரீட்சை செய்வாய்?”

“அந்த முள்ளுக்குத்தான் வாப்பா மார்க்ஸ்!”

கத்திவிட்டுப் போனை வைத்தேன். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. வாப்பா மேல் கோபப்பட்டதற்கும் சேர்த்து அழுதேன்.

விரிவுரையாளர் மெடம் என் மேசைக்கு வந்து மீனைப் புரட்டிப் பார்த்தார். “முள் எங்கே? இல்லாததை எப்படி எண்ணுவீர்?”

அந்தக் கேள்வியில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வெட்டினால் போவது வெளியே நிற்பது மட்டும்தானே, அடி உள்ளேதானே இருக்கும். கத்தியை எடுத்து முதுகுத் தோலை நீளத்துக்குக் கீறினேன். சின்ன எலும்புகளின் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன முள்ளின் அடிக்கட்டைகள். ஊசியால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். பதின்மூன்று. அவற்றுக்கு முன்னால், தலைப்பக்கம் பார்த்துத் தோலுக்குள் படுத்திருந்த ஒரு குட்டி முள்ளும் அகப்பட்டது. வாப்பாவின் கத்தரிக்கோலுக்கே தப்பியது அது. மீனைப் புரட்டி வாலுக்கு முன்னாலும் கீறினேன். அங்கே ஏழு.

“சத்திரவைத்திய மீனும் கிட்டத்தட்ட இதே தோற்றம்தானே?” என்று மெடம் மடக்கினார்.

“அதுக்கு வாலடியில கத்தி மாதிரி ஒண்டு நீட்டிக்கொண்டிருக்கும், மெடம். இதுக்கு இல்ல. இனி இதைப் பாருங்க.”

வயிற்றுச் செட்டையை விரித்துப் பிடித்தேன். இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு அடிக்கட்டை, நடுவில் மென்மையான கதிர் மூன்று. செட்டையின் இரு ஓரத்திலும் முள் வைத்திருப்பது ஒராவின் குடும்பம் மட்டும்தான். மெடம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார், தானும் ஒருமுறை எண்ணினார்.

“மற்றவர்கள் வெளியே தெரிந்ததைக் காட்டினார்கள். நீர் உள்ளே இருப்பதைக் காட்டினீர்” என்றவர், என் கண்முன்னாலேயே நான் தேறியதாக ‘சித்தி’ என்று எழுதினார். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. கையெல்லாம் மீன் மணக்க வெளியே ஓடினேன்.

முதல் மணியிலேயே வாப்பா எடுத்தார். “குத்திச்சா மகள்?”

“இல்ல வாப்பா. பாஸ்!”

வாப்பா மெல்லக் கேட்டார். “முள்ளில்லாம என்னத்த எண்ணினாய்?”

“நீங்க வெட்டின இடத்தை எண்ணினன்.”

“கேட்டீங்களா?” என்று வாப்பா கரையில் நின்றவர்களிடம் திரும்பிக் கத்தியது என் காதைத் துளைத்தது. “நான் வெட்டின வெட்டை எண்ணித்தானாம் மகள் பாஸ்!”