பிடிக்கலைன்னா சத்தத்தைக் குறைங்க

பாட்டின் கடைசி வரி தேய்ந்து மறையும் முன்பே லோர்னா கோஸ்கெலா எழுந்துவிடுவாள். உட்கார்ந்து பேசினால் குரலும் உட்கார்ந்துவிடும் என்பது அவள் கட்சி. பூட்ஸை மேசைக்கடியில் உதறிவிட்டு, கம்பளிக் காலுறையோடு நின்று, மைக்கை மாட்டுக் கொம்பைப்போல் பிடித்துக்கொள்வாள். "இஷ்பெமிங், எழுந்தாச்சா? வாசல் பனியைத் தள்ளியாச்சா?"

எங்கள் இஷ்பெமிங் ஊர் வானொலியில் பழைய பாட்டுகள் மட்டும்தான். காலை நிகழ்ச்சி அவளுடையது, தொலைபேசி என்னுடையது. அதனால் ஊர் அவளைப் பற்றிச் சொல்வதெல்லாம் முதலில் என் காதில்தான் விழும்.

"பாட்டு ஆரம்பிக்கிறப்ப அந்தம்மா ஏன் குறுக்க பேசுது?"

"சிரிப்பைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க. எங்க நாய் குரைக்குது."

எதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்பது அவள் உத்தரவு. கறியும் உருளைக்கிழங்கும் அடைத்த பேஸ்டியைக் கையிலிருந்து இறக்காமலேயே கேட்பாள். "பிடிக்கலைன்னா சத்தத்தைக் குறைக்கட்டும். அணைக்க மட்டும் மாட்டாங்க, பாரு."

போன இலையுதிர் காலத்தில் தொண்டையில் கட்டி என்று அறுவை சிகிச்சை செய்தார்கள். அவள் பிழைத்து வந்தாள், குரல் பிழைக்கவில்லை. சரளைக்கல்லில் மண்வெட்டி உரசுகிற மாதிரி ஏதோ ஒன்றுதான் மிஞ்சியது. அதோடு வந்து மைக் முன்னால் நின்றாள். தொலைபேசி ஓயவில்லை.

"காலங்காத்தால கேக்க முடியலைங்க" என்றார்கள் சிலர். அதற்குச் சிரித்தாள். "பாவம், வீட்ல ஓய்வெடுக்கச் சொல்லக் கூடாதா?" என்றார்கள் வேறு சிலர். அதற்குத்தான் முகம் சிவந்தது.

"திட்டுறவன் கேட்டுட்டு இருக்கான். பாவப்படுறவன் கேக்கறதை நிறுத்திட்டான்."

மேலாளர் டெரிக் வயதில் சிறியவன். தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தான். "பாட்டெல்லாம் நீங்களே எடுங்க, லோர்னா. பேசறதுக்கு மட்டும் வெளியூர் குரல் ஒண்ணைப் பதிவு பண்ணி வச்சுக்கலாம். நேயருங்க கேக்கறாங்க."

"அப்ப நேயருங்களையே கேட்டுருவோம்" என்றாள்.

மறுநாள் காலை நிகழ்ச்சியில் அறிவித்தாள்: "என் குரலைப் பத்தித் தொலைபேசியில சொல்றதை இனிமே எனக்கே சொல்லுங்க. அப்படியே ஒலிபரப்புறேன்."

வரிசையாக அழைத்தார்கள். துருப்பிடித்த கீல் என்றாள் ஒருத்தி. "டாக்டர்கிட்ட சொல்றேன், சந்தோஷப்படுவாரு. அவரு சத்தமே வராதுன்னாரு" என்றாள் இவள். பாதிப்பேர் போகச் சொன்னார்கள். பாதிப்பேர் இருக்கச் சொன்னார்கள்.

பிறகு ஓர் அழைப்பு. வெறும் மூச்சு. வைத்துவிடப் போனேன். அப்போது, லோர்னாவுடையதைவிட வறண்ட ஒரு குரல்: "என் பேரு... வெய்னோ. எனக்கும்... அதே ஆபரேஷன். வெளியாளுங்ககிட்ட... பேசறதில்ல."

இணைத்துவிட்டேன். வானொலியில் அமைதி. பிறகு ஒரு கீறல், இன்னொரு கீறல். எந்தச் சொல்லும் பிடிபடவில்லை. டெரிக் ஓடிவந்து கண்ணாடிக்கு அப்பால் நின்று, தன் கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்துக் காட்டினான்: நிறுத்து.

லோர்னா அதைப் பார்த்தாள்.

"அவசரமில்ல, வெய்னோ. மெதுவா சொல்லுங்க" என்றாள். கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, அவருடைய ஒலி அளவை முழுதாக ஏற்றினாள்.