அடுப்பில் வைத்த சிலிண்டர்கள்

டுவேன் ஹுடாக் என் தம்பி ஸ்டீவின் மூத்த மகன். தம்பிக்கு உருக்காலை, மகனுக்கு ஆற்றுக்கு அக்கரையில் இரும்பு அலமாரி செய்யும் கம்பெனி. அங்கே அவன் பவுடர் கோட்டிங் பிரிவில் இருந்தான். கொக்கியில் தொங்கி வருகிற தகட்டின்மேல் மின்சாரம் ஏற்றிய வண்ணப்பொடியைத் தூவி அடுப்புக்குள் அனுப்புவான். பொடி உருகிப் படிந்து, கீறினாலும் போகாத தோல் போல ஆகிவிடும். பிறகு அந்தக் கம்பெனியையும் தெற்கே கொண்டுபோய்விட்டார்கள். எங்கள் பள்ளத்தாக்கை விட்டுப் போன கம்பெனிகளைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் யாரும் சாப்பிட எழுந்திருக்க முடியாது, அதை விடுவோம்.

அவன் மனைவி ரோக்சான் பெனடிக் குடும்பத்துப் பெண். அவள் அம்மா ஆக்னஸ் என் நாத்தனாருக்கு ஓரகத்தி. ஆக எனக்கு இரண்டு பக்கமும் உறவு, இரண்டு பக்கத்துச் சண்டையும் என் காதுக்கு வந்துவிடும். ரோக்சானின் அண்ணன் ரஸ்ஸல், எல்லாருக்கும் ரஸ்டி. பழைய நிலக்கரிக் குழி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து பெயின்ட்பால் களம் நடத்தினான். வளர்ந்த ஆண்கள் முகமூடி போட்டுக்கொண்டு, காற்றுத் துப்பாக்கியால் ஒருவர்மேல் ஒருவர் பெயின்ட் உருண்டை அடித்து விளையாடுகிற இடம்.

ஒரு ஞாயிறு மதியச் சாப்பாட்டில் ரஸ்டி தன் துப்பாக்கியை மேசைமேல் வைத்தான்.

"மச்சான், இதப் பாரு. அங்க வர்ற அத்தன பேர் கையிலயும் இதே கறுப்புதான். கீழ வெச்சா யாருது எதுன்னு அடிதடி. நீதான் அலமாரிக்கெல்லாம் கலர் போட்டவனாச்சே."

"அலமாரி சுடாது."

"இது மட்டும் என்ன சுடுது? துப்புது."

"சாப்பிடற மேசைல அத வெக்காதேன்னு அம்மா எத்தன தடவ சொல்லியிருக்கா, எடு முதல்ல," என்றாள் ரோக்சான்.

அப்படித்தான் தொழில் தொடங்கியது. டுவேன் காரேஜைக் காலி செய்தான். பொடி தூவும் கருவி ஒன்றைப் பழையதாக வாங்கினான். அடுப்பு? சமையலறையில் ரொட்டி சுடுகிற மின் அடுப்பையே கழற்றிக் காரேஜுக்குள் கொண்டுபோய்விட்டான். ஒரு தடவை பொடி வெந்த அடுப்பில் பிறகு சாப்பாடு வைக்கக் கூடாது. ரோக்சான் அந்தக் கிறிஸ்துமஸுக்கு வால்நட் ரொட்டியை என் வீட்டில்தான் சுட்டாள், சுட்டுக்கொண்டே அவனைத் திட்டினாள்.

"அடுப்பத் தூக்கிட்டான். நாளைக்குக் கட்டிலத் தூக்குவான், பாருங்க பெரியம்மா."

"கட்டில் அடுப்புக்குள்ள போகாதே," என்றான் அவன், வாசலில் நின்றபடி. அவள் மாவுக் கையோடு முறைத்தாள்.

முதல் துப்பாக்கியை நெருப்புப் போன்ற ஆரஞ்சில் முடித்தான். பார்க்கக் கண் கூசியது. ஆனால் திரும்ப மாட்டினால் உள்ளே ஓட வேண்டிய தண்டு ஓடவில்லை. குழலுக்குள்ளும் பொடி போய் வெந்திருந்தது. "நல்லா இருக்கு மச்சான், செவுத்துல மாட்டிக்கறேன்," என்றான் ரஸ்டி. அதற்குப் பிறகு டுவேன் ஒவ்வொரு துளைக்கும் ரப்பர் அடைப்பு வைத்தான், திருகு மறைகளுக்கு நாடா சுற்றினான். கை பழகிவிட்டது. ஒஹையோவிலிருந்துகூட ஆட்கள் துப்பாக்கியைப் பெட்டியில் போட்டு அனுப்பினார்கள். வேலை போனதிலிருந்து குனிந்தே நடந்தவன் நிமிர்ந்து நடந்ததை நான் பார்த்தேன்.

துப்பாக்கிக்குக் காற்று கொடுக்க அலுமினிய சிலிண்டர் ஒன்று உண்டு. பின்பக்கம் மாட்டிக்கொள்வார்கள். துப்பாக்கி ஊதா, சிலிண்டர் மட்டும் சாம்பல் நிறம் என்றால் எடுப்பாக இல்லை என்று ரஸ்டியின் அணியினர் சொன்னார்கள். டுவேன் இரண்டு பொடியைக் கலந்து அவர்களுக்கென்றே ஓர் ஊதா செய்திருந்தான், கத்திரிக்காய்த் தோல் மாதிரி. காற்றை இறக்கி, வால்வைக் கழற்றி, சிலிண்டர்களையும் அதே நிறத்தில் சுட்டுக் கொடுத்தான். அலமாரிக் கம்பெனியில் உலோகம் என்றால் உலோகம்தான். அடுப்புக்குள் போனது நல்லபடியாக வெளியே வந்தால் வேலை முடிந்தது. அவனுக்கு அதற்குமேல் யாரும் சொல்லித்தரவில்லை, அவனும் கேட்கவில்லை.

ஒரு சீசன் முடிந்து, அடுத்த தவக்காலத்தில், இறைச்சி தொடாத ஒரு வெள்ளிக்கிழமை, தீயணைப்புக் கூடத்தில் மீன் வறுவல் சாப்பாடு. ஊரே அங்கேதான் சாப்பிடும். நான் முட்டைக்கோஸ் நூடுல்ஸ் பரிமாறிக்கொண்டிருந்தேன். ரஸ்டி அணியில் ஒருவன், சாப்பிட வந்த இடத்தில் சிலிண்டருக்கும் காற்று நிரப்பிக்கொள்ளலாம் என்று கொண்டுவந்திருந்தான். தீயணைப்பு வீரர்களின் சுவாச சிலிண்டர்களைப் பார்த்துக்கொள்கிறவள் டோலரஸ் யுர்கோ. அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யார்டா இத வேக வெச்சது?"

"டுவேன்தான். அழகா இல்ல?"

அவள் டுவேனை ஒரு ஓரமாகக் கூப்பிட்டாள். நானும் கரண்டியோடு பின்னால் போனேன்.

"அலுமினியம் அந்தச் சூட்ட வாங்கினா அதோட பலம் போயிடும் டுவேன். பார்த்தா தெரியாது. தட்டிப் பார்த்தாலும் தெரியாது. அடுப்புல போன சிலிண்டர வெட்டித்தான் போடணும், சட்டமே அதான். இல்லேன்னா ஒரு நாள் காத்து நிரப்பும்போது வெடிக்கும்."

"நிரப்பறவங்க?"

"அவங்க முகம்தான் கிட்ட இருக்கும்."

ரஸ்டியின் களத்தில் காற்று நிரப்புகிறவள் அவன் மகள் கார்லா. டுவேனுக்கு ஞானமகள். ஞானஸ்நானத் தொட்டியருகே அவளைக் கையில் ஏந்தி நின்றவன் இவன். களம் குளிர்காலத்துக்கு மூடிக் கிடந்தது. அடுத்த வாரச் சனிக்கிழமை திறப்பு.

டுவேன் மீனைத் தொடவில்லை. நேரே ரஸ்டி வீட்டுக்குப் போனான். அங்கே நடந்ததை ரோக்சான் எனக்குச் சொன்னாள்.

"போன வருஷம் பூரா நிரப்பியிருக்கா. ஒண்ணும் ஆகலியே," என்றானாம் ரஸ்டி.

"ஆகலேங்கறதுக்காக ஆகாதுன்னு அர்த்தமா?"

"மச்சான், திறப்பு நாளன்னிக்கு நீ எழுந்து நின்னு இது வெடிக்கும்னு சொன்னா, என் களத்துக்கு ஒருத்தன் வருவானா? உன் காரேஜுக்கு ஒருத்தன் வருவானா? சத்தம் போடாம சிலிண்டரத் திருப்பி வாங்கிடு. வாங்கறதுக்கு ஏதாவது சொல்லு."

டுவேனுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. எங்கள் வீட்டு ஆண்களுக்குத் தப்பு செய்தேன் என்று சொல்ல வாய் வராது. அவன் அப்பனுக்கும் வராது, என் அப்பாவுக்கும் வந்ததில்லை. வீடு வீடாகப் போய், "அந்த ஊதா சரியா பிடிக்கல, உரிஞ்சுடும். குடுங்க, புதுசா போட்டுத் தரேன்," என்று கேட்டான். சிலர் கொடுத்தார்கள். மற்றவர்கள் சிரித்தார்கள். "உரியட்டும்பா, அடி வாங்கற சாமான்தானே. சீசன் முடியட்டும்." சாயம் உரியும் என்றால் யார் பயப்படுவார்கள்? கர்ட் என்று ஒருத்தன், அணியில் எல்லாருக்கும் மூத்தவன், கதவைக்கூட முழுதாகத் திறக்கவில்லை.

சனிக்கிழமை காலை நானும் ரோக்சானோடு களத்துக்குப் போனேன். வண்டிகள் வரிசையாக நின்றன. கார்லா காற்றுக் குழாயைக் கையில் பிடித்து, முதல் ஊதா சிலிண்டரை வாங்க மறு கையை நீட்டினாள். டுவேன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து குழாயின் வாயைத் தன் உள்ளங்கையால் மூடினான்.

"மாமா, என்ன பண்றீங்க? வழி விடுங்க."

"இத நிரப்பாத கண்ணு."

"கலர் உரியுதுன்னு சொன்னீங்களே, அதுக்கா?"

"கலர் உரியல. பொய் சொன்னேன்." பிறகு எல்லாரும் கேட்கும்படி சொன்னான். "இந்த ஊதா சிலிண்டர எல்லாம் நான் அடுப்புல வெச்சிட்டேன். வெக்கக் கூடாதாம். எனக்குத் தெரியாது. எது வெடிக்கும், எப்ப வெடிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. குடுத்துடுங்க. வேற வாங்கித் தரேன்."

பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்ப என் துப்பாக்கியும் வெடிக்குமா, இல்ல அது கேக் மாதிரி உப்பிடுமா?"

சிரித்தார்கள். சிரித்த பிறகுதான் கோபம் வந்தது அவர்களுக்கு. இதைத் தோளில் சாய்த்துச் சுட்டிருக்கிறேன் என்றான் ஒருவன். என் பையனுக்கு இரவல் கொடுத்தேன் என்று இன்னொருவன் டுவேனின் சட்டையைப் பிடித்தான். ரோக்சான் நடுவில் போய் நின்றாள். ரஸ்டி அலுவலகக் கொட்டகை வாசலில் கைகட்டி நின்றான், வரவே இல்லை. கார்லா குழாயைக் கீழே போட்டுவிட்டுத் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அதை டுவேன் பார்த்தான்.

சிலிண்டர்கள் ஒவ்வொன்றாக மேசைக்கு வந்தன. டுவேன் வண்டியிலிருந்து இரும்பு ரம்பத்தை எடுத்தான். காற்றை முழுக்க இறக்கி, அங்கேயே மேசை இடுக்கியில் பிடித்து வெட்டினான், இனி யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி. கர்ட் மட்டும் தரவில்லை.

"என் சாமான். வெடிச்சா என் தல. நீ உன் அடுப்பப் பாரு," என்று வண்டியில் ஏறினான்.

"கர்ட், உன் தல மட்டும் இல்ல. எவனோ நிரப்புவான்."

"நிரப்பறவன் கேட்டா சொல்லிக்கறேன்."

வண்டி போய்விட்டது. அதற்குப் பிறகு அவன் எந்தக் களத்திலும் தட்டுப்படவில்லை. மேற்கு வர்ஜீனியாவில் மகளோடு இருக்கிறான் என்றார்கள், ஒஹையோ என்றார்கள். சிலிண்டரை யாருக்கோ விற்றுவிட்டான் என்றும் ஒரு பேச்சு.

காரேஜுக்குப் பெட்டிகள் வருவது நின்றுவிட்டது. இப்போது டுவேன் கேட், படிக்கட்டுக் கைப்பிடி, தோட்ட நாற்காலி என்று சுடுகிறான். யாராவது துப்பாக்கி கொண்டுவந்தால் சிலிண்டரைக் கண்ணில்கூடக் காட்டக் கூடாது என்பான். ரஸ்டி ஈஸ்டருக்கு வரவில்லை. கார்லா வந்தாள், ஆனால் டுவேன் பக்கத்தில் எப்போதும் உட்காருகிற இடத்தை விட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அந்த ஊதா வேறு எவரிடமும் கிடையாது. ஒரு சின்னத் தகட்டில் அதைச் சுட்டு எடுத்துக்கொண்டு, ஞாயிறுதோறும் டுவேன் காற்று நிரப்புகிற இடங்களுக்கெல்லாம் போகிறான். நீரில் முக்குளிப்பவர்களுக்கான கடை, தீயணைப்புக் கூடம், எங்கோ காட்டுக்குள் இருக்கிற களம். தகட்டைக் காட்டி, இந்த நிறத்தில் சிலிண்டர் வந்தால் நிரப்பாதீர்கள், எனக்குச் சொல்லுங்கள் என்கிறான். சிலர் தலையாட்டுகிறார்கள். சிலர் ஏதோ கிறுக்கு என்று நினைக்கிறார்கள்.

போன ஞாயிறும் போனான். மாநில எல்லை தாண்டி வெகு தூரம். பூசைக்கு முன்பே கிளம்பியவன் விளக்கு வைத்த பிறகுதான் வெறுங்கையோடு திரும்பினான். ரோக்சான் வாசல் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். பக்கத்திலேயே இருக்கிற என் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தான். அவள் வெளியே வந்து, மறுபக்கக் கதவைத் திறந்து, அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.