மஞ்சள் பூவுக்கு நான் செய்த டச்சிங்

“நடுவுல ஒன்னுமே இல்லையே!” என்று டீச்சர் படத்தை மேசையில் வைத்தார்.

எழுபதுகளில் பதுளைக் கடைவீதியில் ஒரு ஸ்டூடியோவில் எனக்கு டச்சிங் வேலை. நெகட்டிவின் மேல் பென்சிலால் மெல்லத் தடவி, முகத்திலுள்ள கரும்புள்ளி, அம்மைத் தழும்பு எல்லாவற்றையும் மறைப்பேன். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள் நான். பெண் பார்க்க அனுப்பும் படம் என்றால் என்னைத்தான் தேடி வருவார்கள். என் பென்சில் பட்ட இடத்தை ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை.

டீச்சர் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் படிப்பித்தவர். மலையில் தானாக முளைக்கும் பூக்களை இரண்டு விதமாகப் படம் பிடிக்கச் சொன்னார். ஒன்று சாதாரணப் படம். மற்றது, மனிதக் கண்ணுக்குத் தெரியாத அல்ட்ரா வயலட் வெளிச்சத்தில். அதற்காகக் கறுப்புக் கண்ணாடி ஃபில்டர் ஒன்றை வெளிநாட்டிலிருந்து தருவித்திருந்தார். அதை மாட்டினால் கேமராவில் ஒன்றும் தெரியாது. அதனால் முதலாளி முதலில் ஃபோகஸ் பார்த்துவிட்டு, பிறகுதான் மாட்டினார். காற்றில் பூ ஆடாமல் நான் ஒரு காகித அட்டையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்தப் படங்கள் எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

பிரிண்ட் போட்டுப் பார்த்தால், பளிச்சென்ற மஞ்சள் பூவின் நடுவில் கரி அப்பிய மாதிரி ஒரு வட்டம்! ஃபில்டர் செய்த கோளாறு என்று நினைத்தேன். அரை நாள் உட்கார்ந்து நெகட்டிவில் அதைச் சுத்தமாக மறைத்தேன். பிறகு புதுப் பிரிண்ட் போட்டு முதலாளியிடம் கொடுத்தேன்.

அதைத்தான் டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கண்ணாடி சரியில்லாம இருக்கும் டீச்சர். இன்னொருக்கா எடுப்போம்” என்றார் முதலாளி.

“எங்க போயி எடுக்குறது? அந்தச் சரிவுல நேத்து புல்லுக்குத் தீ வச்சுட்டாங்க. நாளைக்குக் கொழும்புல ஒரு கூட்டத்துல பேசணும். இந்தப் பூவுல, நம்ம கண்ணுக்குத் தெரியாம, தேனீக்கு வழிகாட்டுற அடையாளம் இருக்குன்னு சொல்லியிருந்தேன். இல்லைன்னு ஒத்துக்க வேண்டியதுதான்.”

அவர் ஃபில்டரைப் பெட்டியில் வைக்கத் தொடங்கினார். வாயை மூடிக்கொண்டிருந்தால் என் வேலைக்கு ஆபத்தில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“டீச்சர், இருந்துச்சுங்க. அழுக்குன்னு நெனச்சு நான்தான் மறைச்சுட்டேன்.”

முதலாளி என்னை முறைத்த முறைப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பஞ்சில் டர்பன்டைன் நனைத்து நெகட்டிவைத் துடைத்தேன். இருட்டறையில் டெவலப்பரில் போட்ட காகிதத்தில், மூன்று பேரும் பார்க்கப் பார்க்க, பூவின் நடுவில் அந்தக் கறுப்பு வட்டம் எழுந்து வந்தது. டீச்சர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அவர் போன பிறகு முதலாளி பழைய பிரிண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“தடமே தெரியல புள்ள. நீ சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது.”

“அதுக்குத்தாங்க பயந்தேன், மொதலாளி.”

கொழும்பில் அந்தப் படத்தை எல்லாரும் எழுந்து வந்து பார்த்தார்களாம். ஆயிரம் முகங்களைத் திருத்தியிருக்கிறேன். ஆனால் என் பெருமை, நான் துடைத்தெடுத்த அந்த டச்சிங்தான். அதற்குப் பிறகு யார் படம் வந்தாலும், பென்சிலைத் தொடுமுன் ஒரு கேள்வி கேட்பேன்: “இது அழுக்குங்களா, அடையாளமுங்களா?”